முப்பத்தோராம் வீட்டுச் சிலுவை

“மார்கழி 15, ஞாயிறு. தாழ்வுபாடு, கரைப் பக்கச் சுற்று. தொடக்கம் பி.ப. 4.10. வாடைக் காற்று, மெலிது. வீடுகள் 46. சிலுவை 3.”

போன நத்தாருக்குப் பத்து நாள் முன்பு, கரோல் புறப்படும் நேரத்தில் நான் எழுதிய குறிப்பு இது; டிசம்பரை நாங்கள் மார்கழி என்றே எழுதுவோம். கோவில் மதிலில் கொப்பியை வைத்து எழுதியதால் எழுத்து கொஞ்சம் சரிந்திருக்கிறது. நேரம் என் கைக்கடிகாரத்தின்படி. வீடுகளின் எண்ணிக்கை சரி. சிலுவைகளையும் இரண்டு தரம் எண்ணித்தான் எழுதினேன், மூன்றுதான் இருந்தன. அதற்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை காலை, அதே பட்டியலில் நான் போட்ட சிலுவைகள் நான்கு.

எங்கள் கரைப் பக்கத்தில் கரோல் பொழுது சாய முன்பே தொடங்கிவிடும். ஆண்கள் இருட்டுமுன் தொழிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் இல்லாத வீட்டில் யாருக்குப் பாடுவது என்று, நான் அறிந்த நாள் தொட்டு, பின்னேரம் நாலு மணி என்பதுதான் வழக்கம். ஆகையால் எங்கள் நத்தார் தாத்தா நல்ல வெயிலில் வருவார். பஞ்சுத் தாடி வேர்வையில் நனைந்து ஒரு பக்கமாகத் தொங்கும். கருவாடு காயப்போட்ட இடத்தைத் தாண்டும்போது சிவப்பு உடுப்பில் ஈ மொய்க்கும். பாடுகிற இருபது பேரும் ஒரு டோல்கியும் ஒரு கிற்றாரும் மணலில் கால் புதையப் புதைய நடக்கும்போது, பாட்டு எங்களுக்கு முன்னே போய்விடும். வாடை அதைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் போகும். அடுத்த வீட்டுக்காரர் நாங்கள் வருமுன்பே வாசலில் நிற்பது அதனால்தான். எங்கள் பாட்டுக்குப் பின்னால்தான் நாங்கள் போய்ச் சேர்வோம்.

எனக்குப் பாட வராது. கச்சேரி என்னும் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதாலும், எதையும் நாள் நேரத்தோடு எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவன் என்பதாலும், வீட்டுப் பட்டியல் என் பொறுப்பில் இருக்கிறது. இது பத்தொன்பதாவது வருடம். தடித்த மட்டைக் கொப்பியின் முன்பக்கங்களில் வீடுகள் வரிசைப்படி இலக்கத்தோடு பேனையில் இருக்கும். ஒரு பட்டியல் நாலைந்து வருடம் ஓடும். பின்பக்கங்களில் அந்தந்த வருடத்துக் குறிப்புகள்: எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனோம், எந்தப் பாட்டுப் பாடினோம், எங்கே சுருதி விட்டோம், எந்த வீட்டு நாய் யாருடைய சாரத்தைப் பிடித்தது. பட்டியலின் இடது ஓரம் சிலுவைக்கு. சிலுவை மட்டும் பென்சிலில் போடுவேன், வருடம் முடிய அதை அழிக்க வேண்டியிருப்பதால்.

சாவு விழுந்து ஒரு வருடம் ஆகாத வீட்டுக்குச் சிலுவை. அந்த வீட்டில் நத்தாருக்குப் பலகாரம் சுடமாட்டார்கள், நட்சத்திரக் கூடு கட்டமாட்டார்கள். கரோல் அங்கும் போகும், ஆனால் படலைக்கு வெளியே நின்றுகொள்ளும். நத்தார் தாத்தா ரோட்டோடு நிற்பார். டோல்கி அடிக்கிறவர் தோளில் கிடக்கும் துவாயால் டோல்கியை மூடிவிடுவார். பாலனுக்குப் பாடும் தாலாட்டு ஒன்றை மட்டும், கைதட்டாமல், தாழ்ந்த குரலில் பாடிவிட்டு, ஒரு கேக் பொதியைப் படலையில் கொழுவிவிட்டு நகர்வோம். மூடிய டோல்கியோடு நடக்கும் அந்தச் சில நிமிடங்களில் மணலில் எங்கள் கால்கள் உரசும் சத்தம் கேட்கும்; அதற்கு அப்பால் கடல். அந்தத் தாலாட்டு எனக்கு எப்போதும் பாதித் தூக்கத்தில் கேட்பதுபோலவே இருக்கும்.

அந்த டோல்கியை முப்பது வருடத்துக்கு மேல் அடித்தவர் என் அத்தான், அக்காவின் புருசன். போன வருடம் தை 11, வியாழன், காலை 6.40 அளவில், கடலால் வந்து வலையைத் தட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சு நோகிறது என்று அமர்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போய்விட்டார். நேரத்தை நான் பிறகு மூன்று பேரிடம் கேட்டு ஒப்பிட்டு எழுதினேன்.

அவரோடு சேர்த்தே ஊர் நினைக்கிற பாட்டு ஒன்று உண்டு. வலைப்பாட்டு என்போம். யார் இயற்றியது என்று தெரியாது. எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் நான் காணவில்லை. பெத்லகேமுக்கு ஓடுகிற இடையர்களுக்குப் பதிலாக, அதில் கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர்கள் ஓடுவார்கள். ஆட வைக்கிற பைலாத் தாளம். மூன்றாம் வரி, “வலையைப் போட்டிட்டு வாடா தம்பி” என்று முடியும். அந்த இடத்தில், அடுத்த வரிக்கு முன், அத்தான் ஒரு அடி கூட அடிப்பார். ஒன்றே ஒன்று, கனமாக. பாடுகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு அடிக்காக மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும். புதிதாகக் குழுவுக்கு வருகிறவர்கள் அந்த இடத்தில் தனியே முன்னால் ஓடிவிட்டு வெட்கப்பட்டுத் திரும்புவார்கள்.

என் முதல் வருடக் குறிப்பில் “மூன்றாம் வரி, தாளப் பிழை, அத்தான்” என்று இருக்கிறது. அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“பிழையில்லையடாப்பா,” என்றார். “நிலத்தில குந்தியிருந்து வலை பொத்துறவன் எழும்ப வேண்டாமோ? நான் அவனுக்கு எழும்ப நேரம் குடுக்கிறன். எழும்பாம எப்பிடி ஓடுறது?”

“தாளத்தில அப்பிடி ஒண்டும் இல்லை அத்தான்.”

“தாளத்துக்கு முழங்கால் நோகாது. மனிசனுக்கு நோகும்.”

பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் பதினெட்டு வருடமும் “தாளப் பிழை” என்றே எழுதினேன். தாளம் பிழைத்தது உண்மைதானே.

பட்டியலுக்குத் தேவையான பென்சில் முதலியவற்றை மன்னார் ரவுனில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள எல்லோரும் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடையில் வாங்குவேன். மார்கழி பிறந்தால் அவர் கடையில் பழைய ஆங்கில நத்தார்ப் பாட்டுகள் ஒலிக்கும். முன்பு கசற்றில், இப்போது பெட்டியில் செருகிய ஒரு சின்னக் குச்சியில். பனி, சறுக்கு வண்டி, கணப்பு, வீட்டுக்குத் திரும்பி வருகிறவர்கள். கடைக்கு வெளியே வெயில் தார் ரோட்டைக் காய்ச்சிக்கொண்டிருக்கும். நாலைந்து கழுதைகள் மதில் நிழலில் வரிசையாக நின்று கண்ணை அரைவாசி மூடியிருக்கும். நான் பனியைக் கண்டதில்லை. ஆனால் சின்ன வயதில் றேடியோவில் கேட்ட அந்தக் குரல்கள் வந்தவுடன் மன்னார்க் காற்றில் குளிர் ஏறுவது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பாட்டு முடியும்வரை அது போகாது.

“நானா, இவ்வளவு பக்தியா எங்கட பாட்டுப் போடுறியள்,” என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன்.

“உங்கட பாட்டோ? இது எங்கட வாப்பாட பாட்டு,” என்றார். “இதைப் போட்டாத்தான் ரவையும் பிளம்ஸும் ஓடும் எண்டுவார். இண்டைக்கும் ஓடுதே. நீங்கதான் ஒரு பென்சிலோட நிக்கிறியள்.”

போன மார்கழி 3, செவ்வாய், முற்பகல் பதினொரு மணிக்கு அதே கடை வாசலில் நான் அக்காவோடு நின்றேன். ஆஸ்பத்திரியில் காதுக் கிளினிக் முடிந்து வந்த வழி. அக்காவுக்கு இடது காது போய்விட்டது, வலது காதும் போய்க்கொண்டிருக்கிறது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மெஷின் வைக்கலாம், பெயர் பதிந்திருக்கிறோம், ஆனால் பழைய மாதிரிக் கேட்காது. அடுத்த வருடம் இந்த நேரம் எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது. இதை டொக்டர் என்னிடம் இரண்டு தரம் சொன்னார். நான் அக்காவின் வலது காதோடு குனிந்து சொன்னேன். அவ தலையாட்டிவிட்டுக் கைப்பையைப் பூட்டினா.

கடை வாசலில் பாட்டு நல்ல சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஆணின் குரல், பின்னால் மணிகள்.

அக்கா கேட்டா: “ஏன் நானா இந்த முறை பாட்டுப் போடேல்லை?”

அவ கொஞ்ச நேரம் தலையைச் சரித்து, வலது காதைக் கடைப் பக்கம் திருப்பி நின்றா. பிறகு, “போட்டிருக்கிறார் என்ன,” என்றா. “அடியில கிடந்து தும் தும் எண்டுறது கேக்குது. பாட்டுத்தான் இல்லை.”

பஸ்ஸில் வரும்போது தாழ்ந்த குரலில் சொன்னா. இப்போது அவவுக்குத் தாழ்ந்த குரல் எது, உரத்த குரல் எது என்பது சரியாகத் தெரிவதில்லை. முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“பூசையில சுவாமி வாயசைக்கிறார், அவ்வளவுதான். பாட்டெல்லாம் புகை மாதிரிப் போகுது. ஆனா டோல்கி கேக்கும் தம்பி. ஒத்திகைக்கு அடிக்கேக்க நெஞ்சில வந்து இடிக்குது. இந்த முறை என்ர வீட்டில டோல்கியை மூடவேண்டாம் எண்டு சொல்லு. நீங்கள் மூடிப்போட்டுத் தாலாட்டுப் பாடினால், எனக்கு நீங்கள் வந்து சும்மா நிண்டிட்டுப் போற மாதிரி. வலைப்பாட்டை ஒருக்கா அடிக்கச் சொல்லு.”

“வருசம் முடியேல்லையே அக்கா. இன்னும்…”

“இருவத்தேழு நாள் எண்டு சொல்லப்போறாய், கரோல் நாளிலயிருந்து. எனக்குத் தெரியும். அடுத்த நத்தாருக்கு வருசம் முடிஞ்சிருக்கும். காது இருக்குமோ?”

இருபத்தேழு நாள் என்பது சரி. நானும் மனதுக்குள் அதைத்தான் எண்ணியிருந்தேன்.

ஒரு நிபந்தனையும் போட்டா. காது விஷயம் ஒருவருக்கும் தெரியக்கூடாது. “செவிடியெண்டு இரக்கப்பட்டு அடிக்கிற டோல்கி எனக்கு வேண்டாம்.”

ஆகவே காரணத்தைச் சொல்லாமல் நான் கேட்க வேண்டியிருந்தது. பாடகர் குழுவை நடத்துவது ஒரு சங்கீத ரீச்சர். வயதில் என் மகளை ஒத்தவர். அவரிடம் போனேன்.

“எனக்கொண்டுமில்லை சேர்,” என்றார். “ஆனா உங்கட அத்தான்ர தங்கச்சி போன கிழமையே வந்து சொல்லிட்டுப் போட்டா. அண்ணன்ர வருசம் முடியும்வரைக்கும் அந்தப் படலையில டோல்கிச் சத்தம் கேக்கக்கூடாதாம். நான் என்ன செய்ய? உங்கட கொப்பியில என்ன இருக்குதோ, அதுதான்.”

அத்தானின் தங்கச்சி எனக்கு மச்சாள் முறை. அக்காவின் வேலிக்கு அடுத்த வீடு, பட்டியலில் இலக்கம் 32. அண்ணன் செத்த நாளிலிருந்து கறுப்புப் பொட்டு ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிகிறவ. அக்கா டோல்கி வேண்டும் என்று கேட்கிறா என்பது அவவின் காதுக்கு எப்படியோ எட்டியிருந்தது. கோவிலடியில் என்னைக் கண்டதும், “மச்சான், உங்கட அக்காவுக்கு இப்ப பைலாவும் வேணுமாம் என்ன? ஆடுறதுக்கு ஆளையும் பாத்து வைச்சிட்டியளோ?” என்று கேட்டா. பக்கத்தில் நின்ற பெண்கள் மண்ணைப் பார்த்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து பழைய கொப்பிகளை எடுத்தேன். இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. முதல் இரண்டு வருடக் குறிப்புகளில் சிலுவையே இல்லை. அப்போது ஓரம் என்று ஒன்றும் நான் கீறவில்லை. ஆனால் சாவு வீடுகள் இருந்தன. ஒரு குறிப்பு இப்படி: “இல. 12, தகப்பன் செத்து நாலு மாதம். அத்தான் படலையடியில் போய், அடிக்கட்டோ என்று கேட்டார். வீட்டுக்காரி ஓம் என்றாள். டோல்கி, மெதுவாக.” இன்னொன்று: “இல. 40. கேட்டார். வேண்டாம் என்றார்கள். மூடினார்.” மூன்றாம் வருடம் நான் ஓரம் கீறிச் சிலுவை போடத் தொடங்கினேன். அதற்குப் பிறகு அத்தான் எந்தப் படலையிலும் கேட்டதாக ஒரு குறிப்பும் இல்லை. பட்டியலைப் பார்த்தார், துவாயைப் போட்டார். யாரும் சட்டம் போடவில்லை. வசதிக்காக நான் கீறிய ஒரு கோடு, பதினாறு வருடத்தில் ஊரின் வழக்கமாகிவிட்டது. அத்தான் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகும், மார்கழி 12, வியாழன் காலை, முப்பத்தோராம் வீட்டுக்கு நான் சிலுவை போட்டேன். மற்ற மூன்று சாவு வீடுகளுக்கும் போட்டுவிட்டு என் அக்காவின் வீட்டை மட்டும் விட எனக்குத் துணிவு வரவில்லை. அந்த மூன்று வீட்டாரும் என்ன நினைப்பார்கள் என்பதே காரணம் என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். பென்சிலை அழுத்திப் போட்டேன். அதனால்தான் இன்றைக்கும் தாளில் பள்ளம் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரம், நேரில் சொல்லிவிடுவோம் என்று கொப்பியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சாள் அங்கே இருந்தா. பகை இருந்தாலும் அவ தினமும் வருவா. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. அக்கா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா.

“மச்சாள், உங்கட தம்பி வந்திருக்கிறார்,” என்று அவ அக்காவுக்குச் சொன்னா. அக்கா திரும்பவில்லை.

“கோபம் போல,” என்றா என்னைப் பார்த்து. பிறகு கொஞ்சம் உரக்க, “உலை பொங்குது, பாக்கேல்லையோ?” என்றா. அக்காவின் முகத்துக்கு நேரே உலை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுதான் அக்கா மூடியை எடுத்தா, எங்களைக் கேட்டல்ல. மச்சாள் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றா. அதற்குப் பிறகு அவ என்னிடம் பகிடியாக ஒன்றும் சொல்லவில்லை.

வாடைக்குக் கூரைத் தகரம் ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க ஏணியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். கொப்பி மேசையில் கிடந்தது, பென்சில் அதற்குள். ரவுனில் நானாவிடம் வாங்கிய பென்சில். தலையில் சிவப்பு அழிறப்பர் பூட்டியது. நான் திரும்பி வரப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், கூடினால் பதினைந்து. தேத்தண்ணி குடித்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே கொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை ஒத்திகை. கேக் பொதிகளுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ரீச்சர் கொப்பியை வாங்கி அன்றிரவு தன்னோடு வைத்திருந்தார். ஞாயிறு பூசை முடிய என்னிடம் தந்தார். அதைத் திறக்காமல் பைக்குள் வைத்தேன். நாலு மணிக்குக் கோவில் மதிலில் வைத்துத் திறந்தபோதுதான் எண்ணினேன். மூன்று. திரும்ப எண்ணினேன். முப்பத்தொன்றுக்கு நேரே ஓரம் வெறுமையாக இருந்தது. கொஞ்சம் அழுக்காக, தேய்த்த இடம்போல.

பென்சில் என் காதில் இருந்தது. ஒரு கணத்தில் அந்தச் சிலுவையைத் திரும்பப் போட்டிருக்கலாம். “சிலுவை 3” என்று எழுதினேன். வாழ்க்கையில் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதி, மனதில் இருந்ததை விட்டது அதுதான் முதல் தரம்.

சுற்று வழக்கம்போலவே போனது. கடற்கரைக் குருசடியைத் தாண்டியபோது வெயில் மஞ்சளாகி, நிழல்கள் எங்களைவிட நீளமாகி முன்னால் நடந்தன. யாரோ ஒரு வீட்டில் ரவை வறுத்துக்கொண்டிருந்தார்கள். பாடுகிறவர்களின் குரலும் அந்த வாசமும் ஒன்றாகக் கலந்து, எந்த வருடத்தில் நடக்கிறேன் என்று எனக்கே கொஞ்சம் தடுமாறியது. முன்னால் டோல்கியைத் தோளில் மாட்டியபடி போகிறவரின் முதுகு அத்தானுடையது என்று இரண்டு முறை நினைத்துவிட்டேன். அது ஓட்டோ ஓடுகிற ஒருவர். அந்த வருடம்தான் டோல்கியை எடுத்தவர்.

முப்பதாம் வீடு முடிந்ததும் அவர் துவாயைக் கையில் எடுத்தார். “அடுத்தது சிலுவைதானே சேர்?”

“கொப்பியைப் பாருங்கோ,” என்றேன்.

பார்த்தார். “இதில ஒண்டும் இல்லையே.”

ரீச்சர் வந்து எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“கொப்பியில இல்லையெண்டால் இல்லை,” என்றேன்.

அக்கா வாசலில் கதிரை போட்டு, வலது காது ரோட்டுப் பக்கம் இருக்கும்படி சற்றுத் திரும்பி அமர்ந்திருந்தா. அடுத்த படலையில் மச்சாள் நின்றா. நத்தார் தாத்தா எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் படலைக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றார். டோல்கிக்காரர் இரண்டு விரலால் தொட்டதுபோல மெதுவாகத் தொடங்கினார். குழு பாடத் தொடங்கியது. வலைப்பாட்டு. மூன்றாம் வரி வந்து, தாளப்படி ஒழுங்காக நாலாம் வரிக்குப் போனது. அக்காவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விளங்காத பாஷையில் யாரோ கதைக்கும்போது மரியாதைக்கு இருப்போமே, அப்படி இருந்தா.

மச்சாள் தன் படலையைத் திறந்துகொண்டு வந்தா. நேரே டோல்கிக்காரரிடம் வந்து, டோல்கியின் மேல் கையை வைத்தா. பாட்டு அறுந்தது.

“நிப்பாட்டு தம்பி.”

அவர் துவாயை எடுக்கப் போனார்.

“அது வேண்டாம். நீ என்ன மாவுக்குத் தண்ணி தெளிக்கிற மாதிரி அடிக்கிறாய்? வாடா தம்பி எண்டு முடியிற இடத்தில ஒரு அடி கூட வரோணும். என்ர அண்ணன் அப்பிடித்தான் அடிக்கிறவர்.”

“அது தாளத்தில இல்லையே அன்ரி.”

“தாளத்தில இல்லை, எனக்கும் தெரியும். ஒண்டு அடி. பலமா அடி. அவவுக்குக் கேக்கோணும்.”

அவர் ரீச்சரைப் பார்த்தார்; ரீச்சர் தலையாட்டினார். முதலிலிருந்து தொடங்கினார்கள். இம்முறை டோல்கி முழுக் கையோடு விழுந்தது. மூன்றாம் வரி முடிந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். அந்த இடைவெளியில் கடல்கூட நின்றதுபோல் எனக்கு இருந்தது. அடி விழுந்தது. கதிரைக் கையில் கிடந்த அக்காவின் கை அப்படியே கிடக்க, சுட்டுவிரல் மட்டும் மேலே எழும்பி நின்று, அடுத்த வரி தொடங்கிய பிறகு மெதுவாகத் தாழ்ந்தது. ஒவ்வொரு சரணத்திலும் அப்படியே. நாலு சரணம், நாலு தரம்.

மச்சாள் கைதட்டவில்லை, பாடவும் இல்லை. அக்காவின் கதிரைக்குப் பின்னால் போய் நின்றா, இடது காதுப் பக்கம்.

முடிந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டு, “எத்தினை மணி?” என்று கேட்டா.

“அஞ்சு இருவது,” என்று வலது காதோடு சொன்னேன்.

“எழுதி வை.”

பின்பக்கத்தில் எழுதினேன்: “இல. 31. பி.ப. 5.20. வலைப்பாட்டு, இரண்டு தரம். டோல்கி. இரண்டாந்தரம் மூன்றாம் வரியில் ஒரு அடி கூட.” பிறகு பழக்கத்தில் “தாள” என்று தொடங்கிவிட்டேன். அதை அப்படியே விட்டேன். அந்தச் சொல் இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

தை 11 அன்று அத்தானின் வருடப் பூசை நடந்தது. வருடம் முடிகிற அன்று சிலுவையை அழிப்பது என் வழக்கம். கொப்பியை எடுத்தேன், முப்பத்தொன்றில் அழிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நான் அழுத்திய பள்ளம் இருக்கிறது, சிவப்பு அழிறப்பர்த் தூள் இரண்டொரு துகள் கொப்பியின் தையலுக்குள் கிடக்கிறது. வெள்ளி பின்னேரம் கொப்பி இருந்த வீட்டில் இரண்டு பெண்கள். சனி இரவு கொப்பி இருந்த வீட்டில் ரீச்சர். மூன்று பேரையும் வாரத்தில் ஐந்து நாளாவது காண்கிறேன். நான் கேட்டதில்லை, அவர்களும் சொல்லவில்லை. அடுத்த பட்டியலை ஓரக் கோடு இல்லாமல் எழுதியிருக்கிறேன். அடிக்கட்டோ என்று படலையில் நின்று கேட்கும்படி டோல்கிக்காரரிடமும் சொல்லிவிட்டேன். முப்பத்தோராம் வீட்டுச் சிலுவையை அழித்தவர் யார் என்பது, இதை எழுதும் மாசி 2 வரை, உறுதிப்படுத்தப்படவில்லை.